லிப்ட் சாவியும் குற்றப்பிரேரணையும்

1.

இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் சகல பிரசைகளுக்கும் இத்தால் அறியத்தருவது: நிறைவேற்று அதிகாரம் கொண்ட தலைவர் மீது, அதிகாரத் துஷ்பிரயோகத்துக்காக, வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த குற்றப்பிரேரணை ஒன்று கொண்டுவரப்படுகிறது.

(எழும்பி நிற்க வேண்டாம். தலைவர் என்றது, வெள்ளவத்தையில் எங்கள் ஆறு மாடி பிளட்ஸின் நிர்வாகக் குழுத் தலைவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர் கனகசபாபதியை.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சஞ்சிகை, ஜனாதிபதியைப் பதவிநீக்குவது பற்றிக் கதை கேட்டது. நாட்டுத் தலைவரைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை. கட்டடத் தலைவரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதற்கு இன்னும் அதிகம் துணிவு வேண்டியிருக்கிறது. நாட்டுத் தலைவர் என்னை லிப்டில் சந்திப்பதில்லை.

2.

முதல் தொடக்கம்: கடல் கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த மாலையில்

வெட்டியாயிற்று. கடல் சும்மா கிடந்தது.

இரண்டாவது தொடக்கம்: பொதுக்கூட்டத்தில் ஆறாம் மாடிப் பதியுதீன் எழும்பி, மூன்று வருடமாக ஏன் தேர்தல் இல்லை என்று கேட்டார். அடுத்த கிழமை லிப்டுக்குப் பூட்டு வந்தது. மின்சார சிக்கனமாம். சாவி, தலைவர் விரும்பியவர்களுக்கு மட்டும். இரவல் கொடுத்தால் பறிமுதல். பதியுதீனுக்குச் சாவி இல்லை. அவருக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்து ஒரு மாதம்தான்.

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

3.

கனகசபாபதியை வில்லனாக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. காலையில் மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். தெருநாய்களுக்கு பிஸ்கட் போடுகிறார். [பிஸ்கட்டை எடுத்துவிடலாமா? வாசகர் இரங்கிவிடுவார்.]

பிரேரணையைப் பற்றிக் கேட்டபோது சிரித்தார்.

"தம்பி, நான் யாப்பை விட்டு ஒரு அடி விலகேல்லை. மூன்றிலை ரெண்டு பங்கு கையெழுத்து. பிறகு உயர் நீதிமன்ற விசாரணை. எல்லாம் அதிலை கிடக்குது. நீர் எழுதினதுதானே."*

* ஓம். ஐந்து வருடத்துக்கு முன் பிளட்ஸுக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குப் பஞ்சி, சோம்பல். நாட்டின் அரசியலமைப்பை எடுத்து, ஜனாதிபதியைத் தலைவர் என்றும், பாராளுமன்றத்தைப் பொதுக்கூட்டம் என்றும் மாற்றினேன். உயர் நீதிமன்றத்தை மாற்ற மறந்துவிட்டேன். ஒருவரும் வாசிக்காமல், எல்லோரும் கைதட்டி நிறைவேற்றினார்கள். ஆகவே எங்கள் லிப்டுப் பூட்டை விசாரிக்கும் பொறுப்பு புதுக்கடையில், நாட்டின் உயர் நீதிமன்றத்திடம் இருக்கிறது.

4.

இருபத்துநான்கு வீடு. பதினாறு கையெழுத்துச் சேர்ந்தால் பொதுக்கூட்டம் கூட்டியே ஆகவேண்டும். அத்தனை பேர் முன்னால் அந்தப் பூட்டு நிலைக்காது. பதியுதீனின் மனைவி நளீபா தாளோடு கீழிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டி வந்தார். கடைசியாக ஐந்தாம் மாடியில் என் கதவுக்கு வரும்போது, அவர்களுடைய ஆறாம் மாடியையும் கூட்டிப் பதினைந்து சேர்ந்திருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"மூணு வெள்ளி ஜும்ஆ தொழுகை போயிட்டு சேர். மனிசன் ஜன்னலால பள்ளிவாசல் பாங்கு கேட்டுட்டு ஈக்கிறார். இன்னும் ஒரு கையெழுத்துத்தான்."

வாசித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். ஐந்து வருடத்தில் இந்தக் கட்டடத்தில் எதையாவது வாசிக்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் நான்தான்.

5.

முடிவுகள்:

அ) தலைவர் சாவிக்கொத்தை மேசையில் வைத்துக் கண்கலங்குகிறார். (நாடகத்தனம்.)

ஆ) நீதியரசர்கள் வருகிறார்கள். லிப்ட் பூட்டியிருப்பதைக் கண்டு (நீதிமன்ற அவமதிப்பு. வேண்டாம்.)

இ) தலைவர் பின்கதவால் விமான நிலையத்துக்கு (இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம்.)

ஈ) வெள்ளிக்கிழமை. பதியுதீன் லிப்டால் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு

ஈ-யைத்தான் எழுத ஆசை. அதற்கு ஒரு கையெழுத்துக் குறைகிறது. வாசகரே, விரும்பியதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இறைமை மக்களுக்கு உரியது என்பதையும் அந்த யாப்பில் நான்தான் பார்த்தெழுதினேன்.

நாளை வெள்ளி. நளீபாவின் தாள் என் மேசையில், இந்தக் கதைக்கு அடியில் கிடக்கிறது.

என்னிடம் லிப்ட் சாவி இருக்கிறது.