முதலில் சின்னவளுக்கு

"யாருக்கும் சொல்லாதே" என்று சொல்லித்தான் அக்காவின் வீட்டுக்காரர் அதைத் தன் அண்ணனிடம் சொன்னார். அண்ணனும் அதே நிபந்தனையோடு தன் மனைவியிடம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு வாய்கூடத் தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதுமாக இருந்தது. அக்கா ஆஸ்பத்திரிப் படியிறங்கி, கைப்பையைத் துழாவி வண்டிச் சாவியை எடுப்பதற்குள் செய்தி குடும்ப குரூப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இறந்தது அவளுடைய ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஒரு கட்டடத்தில் வேலையை முடித்துக்கொண்டு கருவிப்பையோடு மார்க்கெட் தெருவில் நடந்து போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை. கடைசியாக அவன் பேசிய எண் அக்காவுடையது என்பதால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தாள். அவன்தான். அழக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரரை அங்கே நிறுத்திவிட்டு வெளியே வந்தாள், ஏனென்றால் தம்பியின் பெண்டாட்டிக்கு இன்னும் தெரியாது.

அவளைக் குடும்பத்தில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே, மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. உள்ளே போகும்போது போனை ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இடைவேளை மணி அடித்தால்தான் திரும்பக் கையில் கிடைக்கும். இதைச் சொல்லிச் சின்னவள் எத்தனையோ நாள் புலம்பியிருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பூட்டு ஒன்றுதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவள் இதை ஒரு மனுஷியின் வாயால் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அக்காவின் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வண்டி பயிற்சிப் பள்ளியுடையது. உச்சியில் பெரிய எல் போர்டு, பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக். எல் போர்டு வண்டி இந்த வேகத்தில் பறப்பதைப் பார்த்து பஸ்காரர்களே ஒதுங்கினார்கள். ஒரு ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "கத்துக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துடாதீங்கம்மா!" என்று கத்தினார். வேறொரு நாளாயிருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பாள்.

சிக்னலில் நின்றபோது குரூப்பைத் திறந்தாள். முதல் ஆளாகப் போட்டிருந்தது மாமா. அம்மாவுக்குத் தம்பி முறை. கல்யாணம், காதுகுத்து, கால் முறிவு எதுவானாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே உலகத்துக்குச் சொல்லிவிடுவதால் வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு ப்ரேக்கிங் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதி ஒரு படம். தம்பியின் கல்யாணப் படத்தில் பாதியை வெட்டியது. வெட்டியதும் ஒழுங்காக வெட்டவில்லை. தம்பியின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. அது சின்னவளின் கை.

அதற்குக் கீழே ஆளாளுக்குக் கேள்வி. எப்போ? எப்படி? நேத்து நைட் பாத்தேனே? நிஜமாவா? யாராவது டீடெய்ல் சொல்லுங்க. ஒரு அத்தை தினமும் காலை வணக்கத்துக்குப் போடும் அதே ரோஜாப் படத்தை இதற்கும் போட்டிருந்தாள். இந்த குரூப்பில் சின்னவளும் இருக்கிறாள் என்பது ஒரு ஜென்மத்துக்கும் உறைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் மாமா ஒரு இணைப்பைப் போட்டு, 'இது நம்ம பையனா பாருங்க' என்று கேட்டிருந்தார். தொட்டாள். வீடியோ. நடைபாதை, செருப்புக் கால்களின் வட்டம், நடுவே தம்பியின் நீலச் சட்டை. அதற்குமேல் பார்க்க அவளால் முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

வண்டியை ஓரமாக நிறுத்தி மாமாவைக் கூப்பிட்டாள்.

"மாமா, குரூப்ல போட்டதையெல்லாம் எடுங்க. சின்னவளுக்கு இன்னும் தெரியாது."

"தெரியாதா? அடக் கடவுளே! நீ இன்னும் சொல்லலையா?"

"போயிட்டிருக்கேன். எடுங்க மொதல்ல."

"எடுத்தா ஆளாளுக்கு எனக்கு போன் போட்டுக் கேப்பாங்களேம்மா. நீயே ஒரு வரி சொல்லிடு, நான் எழுதிப் போட்டுடறேன். ஹார்ட்டா? இல்ல…"

"இல்லன்னா என்ன?"

"தப்பா எடுத்துக்காதம்மா. நாலு பேரு கேக்கறாங்க. புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதாவது… மனக்கஷ்டம், அந்த மாதிரி?"

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று ஒரு ரகம் உண்டு. அவர்களாவது பொருளைப் பிடுங்குவார்கள். இவர்களுக்கு வேண்டியதெல்லாம் அடுத்த போனில் சொல்வதற்கு ஒரு விஷயம்.

"மாமா, அவன் உங்க மடியில வளந்தவன்" என்றாள்.

"அதான்மா என்னால தாங்க முடியல" என்றார். குரல் உடைந்திருந்தது. அதுவும் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. அவள் போனை அணைத்துப் பின் சீட்டில் எறிந்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். 'மனசைத் திடப்படுத்திக்கோ' என்று ஆரம்பிக்கலாமா? அப்படி ஆரம்பித்தாலே தெரிந்துவிடும். 'ஆஸ்பத்திரிக்கு வா' என்று மட்டும் சொல்லலாமா? வழி முழுக்க அவள் நம்பிக்கையோடு வருவாளே, அது இன்னும் பாவம். கியரைப் போடும்போதெல்லாம் ஒரு வாக்கியம், அடுத்த கியரில் அதை அடித்துவிட்டு வேறொன்று. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ரோடு மறைந்தால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள், புறங்கையால் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டே போனாள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அம்மா தடுத்தாள்.

"வேலை நேரத்துல யாரையும் கூப்பிட முடியாதும்மா. கொஞ்ச நேரத்துல மணி அடிச்சிடும், அப்பப் பாருங்க."

"மணி அடிக்கறதுக்குள்ள பாக்கணும். அவசரம்."

"என்ன அவசரம்னு சொல்லுங்க. நான் உள்ளே சொன்னாத்தான் விடுவாங்க."

அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் இந்த அம்மா இன்டர்காமில் சூப்பர்வைசரிடம் சொல்வாள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். சின்னவள் உடையை மாற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் அந்தக் கூடம் முழுக்க அவள் முகத்தைப் பார்க்கும். முதலில் சின்னவளுக்குத்தான் தெரிய வேண்டும். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது? அந்த வீம்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அவ பொண்ணுக்கு ஸ்கூல்ல உடம்பு சரியில்ல."

"அய்யய்யோ, சின்னப் பிள்ளையா?" என்று செக்யூரிட்டி அம்மா உடனே இன்டர்காமை எடுத்தாள். தானும் பிள்ளை பெற்றவள் போலிருக்கிறது. சுவரோரமாகக் கிடந்த பெஞ்சைக் காட்டினாள்.

பெஞ்சுக்கு எதிரே வரிசை வரிசையாக அந்த இரும்புப் பெட்டிகள். எல்லாம் பூட்டியிருந்தன. ஆனால் ஒரு பெட்டிக்குள் மட்டும் போன் அதிர்ந்து அதிர்ந்து இரும்பில் மோதிக்கொண்டிருந்தது. நிற்கும். மறுபடி தொடங்கும். அது யாருடைய பெட்டி என்று அக்கா யாரிடமும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவள் ஓடி வந்தாள். தலைக்கு உறை, முகத்துக்கு மாஸ்க், காலுக்கும் உறை. கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அக்காவுக்குப் புரிந்தது.

"பாப்பாவுக்கு என்ன அண்ணி? விழுந்துட்டாளா? எங்க இருக்கா?"

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. அவ நல்லா இருக்கா."

"நிஜமாவா?"

"சத்தியமா."

சின்னவள் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு சிரித்தாள். "எனக்கு உசுரே போயிடுச்சு அண்ணி! ஓடி வர்ற வழியெல்லாம் வேண்டாத தெய்வமில்ல. வேற என்ன வேணா ஆகட்டும், அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு…" கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டே அக்காவைப் பார்த்தாள். "சரி, அப்ப எதுக்கு வந்தீங்க?"

அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதன் மேல்தான் சொல்ல வேண்டியிருந்தது. வழியெல்லாம் அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"தம்பி செத்துட்டான்மா" என்றாள்.

சின்னவள் முதலில் தலையை ஆட்டினாள், சரி என்பதுபோல. பிறகு, "அவரு மார்க்கெட் தெருவுல ஒரு லிஃப்ட் பாக்கப் போயிருக்காரு அண்ணி. சாயங்காலம் வந்துடுவாரு" என்றாள். அக்கா அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அணைத்த கைக்குள் அந்த உடம்பு மெல்ல மெல்ல விஷயத்தைப் புரிந்துகொள்வது தெரிந்தது. பிறகு சின்னவள், "வேற என்ன வேணா ஆகட்டும்னு நாந்தானே சொன்னேன்" என்றாள். காலம் முழுக்கச் சுமக்கிற மாதிரி ஒன்றை இவள் தலையில் தூக்கி வைத்துவிட்டோமே என்று அக்கா தன்னையே சபித்துக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சும்மா. நீ வேண்டினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நான்தான் பாவி, பொய் சொல்லிக் கூப்பிட்டேன்."

மணி அடித்தது. கதவு திறந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பெட்டிகள் படபடவென்று திறந்தன. பேச்சும் சிரிப்புமாக இருந்த இடம் ஒவ்வொரு போனாகத் திறக்கத் திறக்க அடங்கியது. மார்க்கெட் தெருவில் விழுந்தவரின் வீடியோ ஊர் முழுக்கச் சுற்றி அங்கேயும் வந்து சேர்ந்திருந்தது. ஒருத்தி போனைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். நேராக வந்து திரையைத் திருப்பிக் காட்டி, "இது உங்க வீட்டுக்காரரா?" என்றாள். கெட்ட பெண்ணில்லை, கண்ணெல்லாம் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அதைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை. அக்கா அந்தப் போனைத் தட்டிவிட்டாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சின்னவள், "வீடியோவைக் காட்டுங்க அண்ணி" என்றாள்.

"வேணாம்மா. நானே முழுசாப் பாக்கல."

"ஊரே பாத்துடுச்சு. நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

அக்கா பின் சீட்டிலிருந்து போனை எடுத்து, மாமா போட்ட இணைப்பைத் திறந்து கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. யாரோ ஒருவன் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தான். "நண்பர்களே, இவரு யாருன்னு தெரிஞ்சவங்க உடனே ஷேர் பண்ணுங்க, இப்பத்தான் விழுந்தாரு, நம்ம கண்ணு முன்னாடி, பாருங்க, மூச்சு இருக்கு, பாருங்க…" வீடியோ முடிந்தது. சின்னவள் மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"போதும்மா."

"அண்ணி, அவரு என்னமோ சொல்றாரு."

அக்கா திரும்பினாள். முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள். கருவிப்பையை யாரோ தலைக்கு வைத்திருந்தார்கள். தம்பியின் கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு வார்த்தையாவது இருக்கும். போனை வைத்திருந்தவனை நேராகப் பார்த்துத்தான் சொன்னான். தம்பியின் முகத்துக்கு அவ்வளவு அருகில் போனை நீட்டியிருந்தான் அந்த ஆள். ஆனால் வாயை மட்டும் மூடவில்லை.

"சத்தத்தைக் கூட்டுங்க அண்ணி."

கூட்டினாள். கூட்டினால் அவன் சத்தம்தான் கூடியது. சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்கா அதே போனின் மறுபக்கத்தில் தன் காதை வைத்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு கேட்டார்கள். "ஷேர் பண்ணுங்க நண்பர்களே…"

"இவன் கொஞ்சம் சும்மா இருந்தா கேக்குமே" என்றாள் சின்னவள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "இவன்கிட்டயே கேக்கலாமா? பக்கத்துலதானே நின்னான், அவன் காதுல விழுந்திருக்கும்ல?"

வீடியோவைப் பார்த்ததிலிருந்து அந்த ஆளைக் கொன்றுபோட வேண்டும் என்றிருந்தது அக்காவுக்கு. இப்போது அவனிடமே கை நீட்ட வேண்டியதாகிவிட்டது. வீடியோவுக்கு மேலே இருந்த அவன் பெயரைத் தொட்டு எழுதினாள். 'நாங்கள் அவர் குடும்பம். அவர் உங்களிடம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.'

பதில் உடனே வந்துவிட்டது.

'ரொம்ப சாரி சிஸ்டர். அவர் பேசினதை நான் கவனிக்கல, லைவ்ல கமென்ட் படிச்சுட்டு இருந்தேன். ஆழ்ந்த இரங்கல். அவருக்கு என்னாச்சு? எல்லாரும் கேக்கறாங்க.'

"என்ன எழுதியிருக்கான்?" என்றாள் சின்னவள்.

பொய் சொல்லலாம். நாலு நல்ல வார்த்தையைத் தம்பி வாயில் வைத்துவிடலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் இன்றைக்கு ஒரு பொய் சொல்லி அது என்ன செய்தது என்று பார்த்தாயிற்று.

"அவனுக்கும் கேக்கலையாம்மா."

சின்னவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா வண்டியைக் கிளப்பினாள். அடுத்து ஸ்கூல். பாப்பாவைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"பாப்பாகிட்ட நானே சொல்றேன் அண்ணி" என்றாள் சின்னவள். கொஞ்ச தூரம் போன பிறகு, "அவ விடமாட்டா. அப்பா என்ன சொன்னாருன்னு கேப்பா" என்றாள்.