டீச்சர் வண்டியில் ஒரு டிக் டிக்

டீச்சரின் காரை முந்தின நாளே பட்டறையில் விட்டுப்போகச் சொன்னது பட்டறைக்காரரின் மருமகன்தான். மூன்றாவது முறையாக வந்திருந்த டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. “காலைல ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு அடிக்குது. இங்க கொண்டுவந்தா நல்ல பிள்ளையாட்டம் இருக்கு. நான் என்ன பொய்யா சொல்றேன்?” சூடான எஞ்சினில் ஒளிந்துகொள்கிற சத்தத்தைச் சூடான எஞ்சினில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? வண்டி நன்றாக ஆறட்டும், காலையில் பிடித்துவிடலாம் என்று அவன் நினைத்தான்.

அவனுக்கு அந்தச் சத்தம் அவசரமாகக் கிடைத்தாக வேண்டியிருந்தது. பஸ் டெப்போவில் வேலை வந்திருந்தது. வருவானா மாட்டானா என்று மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும். வீட்டோடு மாப்பிள்ளையாகி ஆறு வருஷம். கீழே மாமனாரின் பட்டறை, மேலே மாமனாரின் வீடு, நடுவில் பதினாலு படி. வேலைக்கு இறங்கினால் அவர் முகம், சாப்பிட ஏறினால் அவர் முகம். யாரும் அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதனாலேயே மூச்சு முட்டியது. போன வாரம் டெப்போ விஷயத்தைச் சொன்னபோதுகூட அவர் கத்தவில்லை. “டீச்சர் வண்டிய முடிச்சுக் குடுத்துட்டுப் போப்பா,” என்றார். அவ்வளவுதான்.

மாமனாரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளத் திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, மரப்பிடியைக் காதில் ஒட்டிக் குனிந்தாரென்றால் நோயைச் சொல்லிவிட்டுத்தான் நிமிர்வார். டீச்சர் வண்டிக்கு அவர் சொன்னது, எஞ்சின் தலையில் வால்வுகளைத் தட்டித் திறக்கும் டேப்பட். இரண்டு முறை டேப்பட்டைச் சரிசெய்தும் ஆயிற்று, சத்தம் மட்டும் டீச்சர் வீட்டுக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பியதுமே டிக் டிக் டிக் என்று வாசல்வரை கேட்டது. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை எஞ்சின்மேல் நகர்த்தினான். மேலே டேப்பட் பக்கம் மங்கலாக இருந்த சத்தம், கீழே புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் காதைக் குத்தியது. டார்ச் அடித்துப் பார்த்தான். கடைசி போல்ட்டின் தலையைக் காணோம். அந்த இடத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கரிக்கோடு. புகை அந்தச் சந்தில் கசிந்துதான் இத்தனை ஆர்ப்பாட்டம். சூடேறினால் இரும்பு விரிந்து சந்து தானே அடைபட்டுவிடும்.

மாமனார் இறங்கிவந்து திருப்புளியை வைத்துக் கேட்டார். “டேப்பட்தான்,” என்றார்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் போகிறவனுக்கே கேட்கிற சத்தம். வண்டி முடியாதவரை இவனும் போகமாட்டான் என்று வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா? போல்ட்டைப் பற்றி வாயைத் திறக்காமல், டேப்பட் மூடியின்மேல் ஸ்பேனரைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இப்ப நின்னுடுச்சு மாமா,” என்றான். எஞ்சின் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

“நான்தான் சொன்னேனே,” என்று மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுப் படியேறினான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பாவுக்குக் காது கேக்காதா?”

“பேசுறது கேக்கும். கூர்மையா வர்ற சத்தம் எவ்வளவு பலமா இருந்தாலும் கேக்காது.”

“எத்தன நாளா?”

“எட்டு வருஷமா.”

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார் மூன்று வண்டிகளை ஸ்டார்ட் செய்து, என்ன கோளாறு சொல்லுப்பா என்று அவனைக் கேட்டிருந்தார். மூன்றையும் சொன்னான். மாமனார் வைத்த பரீட்சையில் பாஸாகிவிட்டேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டான். கேட்டவருக்கே விடை தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“என்கிட்டயே அவரு சொன்னதில்ல. நானா கண்டுபிடிச்சதுதான்.” மடித்த சட்டையை அடுக்கின்மேல் வைத்தாள். “நீங்க டெப்போவுக்குப் போறதுன்னா நானும் வந்துடுவேன். அதுல மாத்தம் இல்ல.”

போகக்கூடாது என்று அவள் மறித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் கீழே இறங்கினான்.

உடைந்த போல்ட்டின் மிச்சத்தில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தான். சந்தை அடைக்கப் புது கேஸ்கட், புது போல்ட். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. நாலரை மணிக்கு டீச்சர் வந்தபோது எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. அவன் சாவியைத் திருப்பிவிட்டு இறங்கிவந்து நின்றான்.

“போயிடுச்சா டாக்டர்?” என்றார் டீச்சர்.

மாமனார் திருப்புளியைக் காதில் ஒட்டிக் குனிந்தார். அவர் ஏன் எப்போதும் தனக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போய் நிற்கிறார் என்று அவன் யோசித்ததேயில்லை. இன்று பார்த்தான். அவர் கண் எஞ்சினில் இல்லை, அவன் புருவத்தில், உதட்டில் இருந்தது. ஆறு வருஷமாக எல்லா வண்டியின் நோயையும் அவர் அங்கேதான் படித்திருக்கிறார். டீச்சர் வண்டி ஒவ்வொரு முறையும் சூடாக வந்ததால் அவனுக்கே எதுவும் கேட்கவில்லை, அவருக்கும் படிக்க எதுவும் கிடைக்கவில்லை.

எஞ்சின் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலே முக்கால். டீச்சர் மாமனாரைப் பார்த்தார், மாமனார் அவனைப் பார்த்தார். இன்றைக்குத் தலையசைத்தால் நாளைக்கும் இங்கேயே நின்று அசைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. முகத்தில் எதையும் காட்டாமல் நின்றான். மாமனார் திருப்புளியின் முனையை எஞ்சினில் வேறிடத்துக்கு நகர்த்தினார். அவர் இன்னும் நிமிரவில்லை.