பிடரி மச்சம்

அதிகாரி அங்கியின் மடிப்பிலிருந்து படத்தை எடுத்துத் தேநீர்க்கடைப் பெஞ்சில் விரித்தபோது, வாயருகே கொண்டுபோன அரிசி உருண்டையைக் கீழே வைத்தேன். நாலு மாதத்துக்கு முன் மரப்பலகையில் என் கை செதுக்கி அச்சான படம். முதுகு காட்டி உட்கார்ந்து தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பெண். மூலையில் ஓர் அலை.

படங்களில் தேநீர்க்கடைப் பெண்களின் பெயரைப் போடக் கூடாதென்று எடோ நகரில் உத்தரவு வந்ததும், பெயருக்குப் பதிலாக ஓர் அலையை வரையும்படி ஓவியரிடம் சொன்னார் பதிப்பாளர். நாமி என்றால் அலை. அசகுஸா கோயில் வாசலில் தேநீர் கொடுக்கும் நாமி, அதாவது என் மனைவி, என்று குழந்தைக்கும் புரிந்துவிடும். போன வாரம் இந்த விடுகதைக்கும் தடை வந்துவிட்டது. பிடிபட்டால் செதுக்கியவனுக்குக் கைவிலங்கு, படத்திலிருப்பவளுக்கு விசாரணை.

நாமிக்குப் பயமே இல்லை. காலையில்கூட என்னைக் கிண்டலடித்தாள். "உங்க ஓவியருக்குத் தெரிஞ்சது ஒரே மூஞ்சிதாங்க. நீள மூக்கு, கடுகத்தனை வாய். அது நான்னா எதிர்க்கடைக்காரியும் நான்தான்!"

அவள் சொன்னது சரி. அந்த முகம் யாருடையதும் இல்லை. ஆனால் ஓவியர் வெறுமையாக விட்ட பிடரியில் நான் நாமியின் மச்சத்தை வைத்தேன். வைத்ததென்ன, பலகையைச் செதுக்கும்போது எள்ளளவு மரத்தை எடுக்காமல் விட்டேன், அது மையேறிப் புள்ளியாக அச்சானது. ஊரே வாங்கிப் பார்க்கும் படத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கட்டும் என்ற திமிர். அவள் குனிந்தால்தான் வெளியே தெரியும் இடம். தன் பிடரி மச்சத்தை அவள் பார்த்ததில்லை, நானும் சொன்னதில்லை.

"இது நீதானே?" என்றார் அதிகாரி நாமியிடம்.

"நல்லா பாருங்கய்யா, என் மூக்கு இவ்வளவு நீளமா?"

அவர் அவளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லதான். இவ உன்னைவிட அழகு." படத்தைச் சுருட்டப் போனவரின் விரல் பிடரியில் நின்றது. "இதென்ன, மை தெறிச்சிருக்கா?"

நகத்தால் சுரண்டினார். போகவில்லை.

குனியாதே என்று கத்தத் தோன்றியது. கத்தினால் நானே காட்டிக்கொடுத்தவனாவேன். பக்கத்துப் பெஞ்சில் யாரோ போல உட்கார்ந்திருந்தேன்.

"டீ ஆறிடப் போகுதுங்கய்யா" என்று நாமி கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து, எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல நிதானமாகக் குனிந்தாள். அவள் பின்கழுத்திலிருந்து துணி மெல்ல விலகியது.