புடவைக்குப் பதில் மூன்று சாயங்காலம்

டூரிங் டாக்கீஸில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர் உண்டு என்பது செஞ்சியில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் பெண்டாட்டியைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும் என்று நாள் கணக்காகத் திட்டம் போட்ட மனுஷருக்கு, வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் "பொம்பளைங்க அந்தாண்ட" என்று கையைக் காட்டும்வரை அந்தச் சுவர் ஞாபகத்துக்கே வரவில்லை. கிழித்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். அவர் பெஞ்சுக்குப் போனார், நான் மணலுக்குப் போனேன்.

அரிசிக்குக் க்யூவில் நின்ற வருஷம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வைகாசி. ஒவ்வொரு வைகாசிக்கும் அவர் திண்டிவனத்திலிருந்து ஒரு நூல் புடவை வாங்கி வருவார். கலர் மட்டும் எப்போதும் அவர் அம்மா சொன்ன கலராக இருக்கும். இந்த வருஷம் கிணற்றடியில் குடத்தைத் தூக்கிவிடும்போது, யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இந்த வாட்டி பொடவ இல்ல, தைலு. அதுக்குப் பதிலா மாசத்துக்கு ஒரு சாயங்காலம். வைகாசி, ஆனி, ஆடி. நீயும் நானும் மட்டும். எங்க போறது, இன்னா துன்றது, எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ வந்தா போதும்."

பஸ்ஸில் கண்டக்டர் அவர். பாண்டிச்சேரி ரூட்டில் கொஞ்ச நாள் மாற்று டியூட்டி பார்த்தபோது கடற்கரையில் புருஷன் பெண்டாட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறிப்பதைப் பார்த்தாராம். "பேசிக்கினே கீறாங்க, தைலு. அப்டி இன்னாதான் பேசுவாங்கன்னு தெரில" என்றார். கண்டக்டர் கலியபெருமாள் என்றால், என் வீட்டுக்காரர்தான், தொண்டை நாலு ஊருக்குக் கேட்கும். அந்தத் தொண்டை அன்றைக்குக் கிணற்றுச் சகடையின் சத்தத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. எனக்கு மனசு இளகித்தான் போயிற்று. ஆனாலும் அப்போதே உள்ளுக்குள் வேறொரு எண்ணம் ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குச் சில நாள் முன்னால் சந்தையில் செல்லம்மாள் டீச்சரைப் பார்த்திருந்தேன். அனந்தபுரம் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பாடம் சொன்னவர். என் இடுப்பிலிருந்த கூடையையும் கையிலிருந்த எருமுட்டைக் கறையையும் பார்த்து, "எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணது இதுக்குத்தானா?" என்று கேட்டார். விழுப்புரத்தில் டீச்சர் ட்ரெயினிங், இரண்டு வருஷம், ஹாஸ்டலில் தங்க வேண்டும், சோறு அவர்களே போடுவார்கள். புருஷன் கையெழுத்து வேண்டும். ஆடிப் பெருக்குக்குள் சொல்லிவிடு, இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்றார். எங்கள் தெருவில் அந்தப் பரீட்சை பாஸ் பண்ணியவள் நான் ஒருத்திதான். கல்யாணத்தின்போது பெருமையாகச் சொன்னார்கள். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை, நானும் உள்பட. டீச்சர் சொன்ன நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நிற்பேன்.

வீட்டில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீடு ஒரே கூடம். மாமியார் விருத்தாம்பாள், என் வீட்டுக்காரரின் அண்ணன் மச்சாண்டார், அவர் பெண்டாட்டி, பிள்ளைகள், என் மகள் குஞ்சு எல்லோரும் அதற்குள்தான். ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையிலிருந்து நூறு என்பார்கள். அவர் முதல் வண்டிக்குப் போய்க் கடைசி வண்டிக்குத் திரும்பி, வாசலில் கட்டிலைப் போட்டுப் படுப்பவர். இந்த விஷயம் அவர் காதுக்கு முன்னால் மாமியார் காதில் விழுந்தால் அத்தோடு முடிந்தது. நாலு வயசுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாளா என்ற ஒரு கேள்வி போதும். ஆகவே எனக்கு இருந்ததெல்லாம் அவர் கொடுத்த அந்த மூன்று சாயங்காலம்தான்.

முதல் சாயங்காலத்தைச் சுவர் தின்றுவிட்டது. ஒவ்வொரு ரீலுக்கும் லைட் போடுவார்கள். லைட் வந்ததும் சுவருக்கு மேலே அவர் தலை தெரியும். காதில் பென்சில் வேறு. டிக்கெட் எழுதுகிற அந்தப் பென்சில் லீவு நாளிலும் காதை விட்டு இறங்காது. ஒரு ரீலுக்கு முறுக்கு வந்தது. அடுத்த ரீலுக்குக் கலர் பாட்டில் வந்தது. அதற்கடுத்து, "வேர்க்குதா?" என்று ஒரு விசிறி வந்தது. ஆண்கள் பக்கம் "உக்காருய்யா" என்று கத்தினார்கள். என் பக்கத்திலிருந்த பக்ருன்னிசா அக்கா, "இன்னா தைலம், கோயிக்குத் தீனி போடற மாரி போட்டுக்கினே கீறாரு உன் வூட்டுக்காரரு" என்று சொல்ல, மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி நடந்து வரும்போது சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். கொட்டகை வாசலிலேயே டிரைவர் பச்சைமுத்து அண்ணன் சேர்ந்துகொண்டார். அவரும் இவரும் கியர் பாக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் பின்னால் விசிறியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆனியில் திண்டிவனம். ஓட்டலில் பேமிலி ரூம் இருக்கிறதாம், திரை போட்டிருப்பார்களாம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். அவருடைய கம்பெனி வண்டியிலேயே போனோம். வண்டியில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். அது போகட்டும், முகூர்த்த நாள் வேறு, ஒரே கூட்டம். டியூட்டியில் இருந்த கண்டக்டர் மஜீத், "அண்ணே, பின்னால கொஞ்சம் பாத்துக்கயேன்" என்று ஒரு வார்த்தைதான் கேட்டான். இவர் காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார். திண்டிவனம் வரைக்கும் அவர் குரலைத்தான் கேட்டுக்கொண்டு போனேன். "வல்லம் ஸ்டாப்பு, எறங்கு எறங்கு. கெயவி, மூட்டைய காலாண்ட வையி." அந்தக் குரலில் அப்படியொரு சந்தோஷம். வீட்டில் ஒருநாளும் நான் கேட்காத சந்தோஷம். முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. வேலை என்றால் இவருக்கு உயிர் வருகிறது, எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று மட்டும் ஏன் இவருக்குத் தோன்றவில்லை என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன்.

பேமிலி ரூமில் பச்சைத் திரையை இழுத்துவிட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு அந்த இலையில் சாப்பிட்டே பழகியவளுக்கு, அவர் எப்படி மெல்கிறார் என்று பார்ப்பதே புதுசாக இருந்தது. மசால் தோசையைப் பிட்டேன்.

"ஒரு விசயம் சொல்லணும்."

"சொல்லு, சொல்லு. துன்னுக்கினே சொல்லு" என்றவர், கடிகாரத்தைப் பார்த்து, "அய்யய்யோ, வண்டிய எடுத்துருவான்" என்று எழுந்துவிட்டார். காபியை டபராவில் ஊற்றி நின்றபடியே குடித்தார். அவருக்காக வண்டி கொஞ்சம் நின்றிருக்கும், அது அவருக்கும் தெரியும். ஆனால் தன்னால் ஒரு வண்டி தாமதமாகப் போவதை அவர் உடம்பு தாங்காது. மடித்து வைத்த தோசையை அப்படியே விட்டுவிட்டு நான் அவர் பின்னால் ஓடினேன்.

ஆடி பிறந்தது. காற்று தொடங்கியது. தட்டி எல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. பெருக்கு நெருங்க நெருங்க, அவர் மூன்றாவது சாயங்காலத்தை மறந்துவிட்டாரோ என்றுகூடப் பயந்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் சீக்கிரமாக வந்து, "கெளம்பு. கோட்டைக்குப் போறோம்" என்றார்.

"கோட்டையா?" என்றார் மாமியார். "தெனம் கண்ணு முன்னாலதான நிக்குது. அத கிட்டப் போயி வேற பாக்கணுமா?" குஞ்சு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மச்சாண்டார் பெண்டாட்டி அவளுக்கு ஒரு துண்டு வெல்லத்தைக் கொடுத்து இழுத்துக்கொண்டாள். வெல்லத்தைப் பார்த்ததும் என் மகள் முந்தானையை விட்டுவிட்டாள். அது எனக்குச் சுருக்கென்றது.

ராணிக்கோட்டைப் படியில் வழக்கம்போல அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். தெருவில் நடக்கிற பழக்கம், யாருமே இல்லாத மலையிலும் கால் அப்படித்தான் போகிறது. பாதி ஏறியதும் அவர் நின்றார். நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் நின்று நின்று முட்டி தேய்ந்துபோன மனுஷர். பாறையில் கை வைத்து மூச்சு வாங்கினார். "நீ போய்க்கினே இரு, வரேன்" என்றார். நான் அவரைத் தாண்டி ஏறினேன். முன்னால் யாருடைய முதுகும் இல்லாமல் ஏறுவது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் தானாக வேகம் பிடித்தது. மேலே போய்ச் சேர்ந்து, அவர் வரும்வரை காற்றில் நின்றிருந்தேன்.

வந்து மண்டபத்து நிழலில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவர் இல்லை, பச்சைமுத்து அண்ணன் இல்லை, மஜீத் இல்லை, எடுத்துவிடுவதற்கு வண்டியும் இல்லை. மடியிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், மண்டபத்துத் தூண்களை மனசுக்குள் எண்ணுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தோட மூணும் முடிஞ்சிது" என்றார். "நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சி. ஆனா நாம பேசவே இல்லயே."

"பேசு."

சொல்லிவிட்டேன். செல்லம்மாள் டீச்சர், விழுப்புரம், இரண்டு வருஷம், கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில். காற்று என் வார்த்தைகளை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் ஒரு கடலையை உரித்தார். பருப்பைக் கீழே வைத்துவிட்டு, தோலைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மொத நாள்லேர்ந்தே இதான் மனசுல வச்சிக்கினு வந்தியா?"

"ஆமா."

"நான் இன்னான்னா, ஒனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஆசையாகக் கொடுத்த பொருளை நான் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டுவிட்டதாக அவருக்கு ஆகிவிட்டது. அழுகை வந்தது. அழுதால் எழுந்து கீழே இறங்கிவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"குஞ்சு?" என்றார்.

"ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம கூட்டியாங்க. லீவு கேட்டு வாங்கிக்கங்க." எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அந்த ஊர்ல நம்மள யாருக்கும் தெரியாது. ஒரே பெஞ்சில பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து கடல துன்னலாம். வேற எங்க முடியும், சொல்லுங்க."

அவர் உதட்டில் ஏதோ வந்தது போலிருந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "அம்மா கேட்டா இன்னா சொல்றது?"

"அவங்க கேக்கறதுக்கு முன்னால, நீங்க இன்னா சொல்றீங்க?"

வெயில் இறங்கி, எதிரே ராஜாகோட்டையின் நிழல் வயலில் நீண்டுகொண்டே போயிற்று. அவர் எழுந்தார். கடலைப் பொட்டலத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கத் தொடங்கினார். முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் பின்னால் இறங்கினேன். முடியாது என்றாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் பழையபடி அவர் முன்னால் போனார். புளியமரங்களில் காற்று பேயாக அடித்தது. பின்னால் ஹாரன் கேட்டது. திருவண்ணாமலையிலிருந்து திரும்புகிற கம்பெனி வண்டி. வேகம் குறைத்து அவர் பக்கத்தில் வந்ததும் படியில் தொங்கிக்கொண்டிருந்த மஜீத் விசில் கொடுத்தான்.

"அண்ணே, ஏறு. எடம் கீது. அண்ணிய முன்னால ஏறச் சொல்லு."

வண்டி நின்றது. அவர் ஒரு வண்டியின் கூப்பாட்டை மறுத்து நான் பார்த்ததில்லை. முன் சீட்டைப் பார்த்தார், பின் சீட்டைப் பார்த்தார். ஏறிவிடுவார், இறங்கும்போது வீட்டு வாசலில் மாமியார் நிற்பார், மூன்றாவது சாயங்காலமும் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ போ, மஜீது. நாங்க நடந்து வரோம்."

மஜீத் ஒரு கணம் நம்பாமல் பார்த்துவிட்டு விசிலை ஊதினான். வண்டி கிளப்பிவிட்டுப் போன புழுதி எங்கள் மேல் படிந்தது. அவர் நடக்க ஆரம்பிப்பார், பத்தடி போகட்டும் என்று நின்றேன். அவர் நகரவில்லை. வேறு வழியில்லாமல் நானே போய் அவர் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் எங்கள் தெருவில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கையெழுத்துப் போடப் போகிறவர் மாதிரி முனையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பக் காதில் செருகவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விளக்கு எரிகிற பக்கம் பார்த்தபடி, என் பக்கத்தில் நின்றார்.