குழந்தைக்குத் தராத தீர்த்தம்

ஜார்ஜியா வேண்டவே வேண்டாம் என்று ஜெயலட்சுமி ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. ஷார்ஜா முவைலாவில் அவர்கள் பில்டிங்கில் பாதிப் பேர் ஸ்கூல் லீவுக்கு ஜார்ஜியாதான் போவார்கள். திரும்பி வந்து பனிமலை போட்டோ காட்டுவார்கள், கூடவே திராட்சைத் தோட்டத்தில் ஆளுக்கொரு ஒயின் கோப்பையோடு நிற்கிற போட்டோவையும் காட்டுவார்கள். அந்தக் கோப்பை வந்தாலே அவள் அடுத்த போட்டோவுக்குத் தள்ளிவிடுவாள்.

அவள் புருஷன் ஸ்ரீகாந்த் குடித்துக்கொண்டிருந்தவர். ஏதோ பார்ட்டிக்குப் பார்ட்டி என்கிற ரகம் இல்லை. துபாய் கராமாவில் குடியிருந்தபோது, டான்ஸ் கிளாஸிலிருந்து மகள் ஷ்ருதியைக் கூட்டி வருகிற வழியில், பிள்ளை பின் சீட்டில் இருக்கும்போதே, குடித்த போதையில் காரைச் சிக்னலில் நின்ற வண்டியின் மேல் கொண்டுபோய் ஏற்றினார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி புண்ணியம். ஆனால் போலீஸ், கேஸ், லைசென்ஸ் ரத்து என்று படாத பாடு பட்டார்கள். கம்பெனியில் யாரோ நல்ல மனசுக்காரர் வேலையை மட்டும் விட்டுவைத்தார். "இன்னொரு தடவை இப்படின்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, நேரா ஊருக்கு ஏத்தி விட்டுடுவாங்க" என்று வக்கீல் சொல்லிவிட்டார். மூன்று பேர் விசாவும் அவர் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஷ்ருதியின் படிப்பும் அதில்தான் தொங்கியது.

ஜெயலட்சுமி யாரையும் கேட்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கு வந்துவிட்டாள். ஷார்ஜாவில் சாராயக் கடை கிடையாது. மனுஷன் தினமும் பஸ்ஸில் நசுங்கி துபாய்க்கு டூட்டிக்குப் போய் வரட்டும், பரவாயில்லை என்று முடிவு கட்டினாள். அதற்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேலாக அவர் தொடவில்லை. அவள் நம்பினாளா என்றால், நம்பினாள். ஆனாலும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் அவர் சட்டைப் பக்கமாக மூக்கைக் கொண்டுபோகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

அதனால் இந்த லீவுக்கு ஜப்பான் என்று ஷ்ருதி சொன்னதும் ஜெயலட்சுமி உடனே தலையாட்டிவிட்டாள். செர்ரிப் பூ பார்க்கணும், பழைய ஷின்டோ கோயில் பார்க்கணும் என்று பிள்ளை ஆசைப்பட்டது. கோயில், பூ, டீ. இதில் என்ன வில்லங்கம் வரப்போகிறது என்று அம்மாக்காரி நினைத்தாள். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கோயில் பல நூறு வருஷத்துப் பழசு என்று ஷ்ருதி போனைப் பார்த்துச் சொன்னாள். சிவப்பு மரவாசல், அதைத் தாண்டி இருபுறமும் செர்ரி மரங்கள், இலையே தெரியாமல் பூ. காற்றடித்தால் தலையிலும் தோளிலும் வந்து விழுந்தது. சன்னிதியில் விக்கிரகம் ஒன்றும் கண்ணில் படவில்லை, உள்ளே இருட்டுத்தான். எந்தச் சாமியாக இருந்தால் என்ன. எல்லாரையும் போலக் கைதட்டிக் கும்பிட்டு, ஜெயலட்சுமி ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டாள். இவரை இப்படியே வைத்திரு. வேறு எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் பந்தல் மாதிரி ஒரு கூடாரம். அன்றைக்கு ஏதோ பூத்திருவிழா போலிருக்கிறது. வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையுமாக ஒரு பெண் நின்று, நீள மூக்குக் கெண்டியிலிருந்து சின்ன வெள்ளைத் தட்டில் தண்ணீர் மாதிரி எதையோ ஊற்றி வரிசையில் வருகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து குடித்தார்கள். ஜெயலட்சுமிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"ஏங்க, பாத்தீங்களா, தீர்த்தம் குடுக்கறாங்க. நம்ம கோயில் மாதிரியே இருக்கு. வாங்க வாங்க."

"எனக்கு வேண்டாம் ஜெயா. நீ வாங்கிக்கோ" என்றார் ஸ்ரீகாந்த்.

"சாமி சன்னிதிக்கு வந்துட்டு தீர்த்தம் வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா? நல்லாயிருக்கே."

கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினாள். ஷ்ருதி கையை நீட்டியபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டி, கொடுக்கவில்லை. ஜெயலட்சுமிக்குச் சுருக்கென்றது. குழந்தைக்கு இல்லாத தீர்த்தமும் ஒரு தீர்த்தமா? அந்த இடத்திலாவது யோசித்திருக்கலாம். பாழாய்ப்போன மூக்கோ, வந்த நாளிலிருந்து குளிரிலும் மகரந்தத்திலும் அடைத்துக் கிடந்தது. ஊர் சம்பிரதாயம் ஏதோ என்று விட்டுவிட்டு, தன் கையில் வாங்கிய முதல் தட்டைப் புருஷன் பக்கம் நீட்டினாள்.

"வேண்டாமே" என்றார். குரல் முதலில் சொன்னதைவிட இறங்கியிருந்தது.

"பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. சட்டுனு குடிங்க."

அவர் அவளையே ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாங்கி, ஒரே மடக்காகக் குடித்தார். உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளவில்லை, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொள்ளவும் இல்லை. தட்டை வைத்துவிட்டு, "பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று சொல்லி விறுவிறுவென்று நடந்தார்.

ஜெயலட்சுமி தன் பங்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் விட்டாள். நாக்கு சுர்ரென்றது. தொண்டையில் சூடு இறங்கி, நெஞ்சு வரைக்கும் போயிற்று. அதே நேரம் பலகையில் எழுதியிருந்ததை போனால் படித்துக்கொண்டிருந்த ஷ்ருதி நிமிர்ந்தாள். பிள்ளையின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அம்மா, இது சாகே. சாமிக்குப் படைச்ச சாராயம். டுவென்ட்டிக்குக் கீழ இருந்தா குடுக்க மாட்டாங்களாம்." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா குடிச்சாரா?" என்று கேட்டாள்.

ஜெயலட்சுமி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். யார் யாரிடமிருந்தோ மறைத்து, ஊரை மாற்றி, காவல் காத்து, கடைசியில் தன் கையாலேயே ஊட்டிவிட்டாளே. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பாத்ரூம் பக்கம் ஓடினார்கள். வாசலில் காத்திருந்தார்கள். வேறு யார் யாரோ வெளியே வந்தார்கள், அவர் வரவில்லை. போன் பண்ணலாம் என்றால் ஜப்பான் சிம் ஷ்ருதியின் போனில் மட்டும்தான் இருந்தது.

"நீ மரத்துப் பக்கம் பாரும்மா. நான் வாசலுக்கு எதிர்ல பீர் விக்கற கடையில பாக்கறேன்" என்றாள் ஷ்ருதி.

அப்பாவைத் தேட வேண்டுமென்றால் எங்கே தேட வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேண்டாம், நீ இங்கேயே நில் என்று சொல்ல ஜெயலட்சுமி வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள்.

மரத்தடி முழுக்க நீல விரிப்புகள். குடும்பம் குடும்பமாக, ஆபீஸ் ஆபீஸாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பார்த்தபோது அவளுக்குப் பூவும் பெட்டிச் சாப்பாடும்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் விரிப்புக்கு விரிப்பு பீர் டின், பெரிய பெரிய பாட்டில், காகிதக் கோப்பை. டீ குடிக்கிற ஜனங்கள் என்று யார் சொன்னது? அவளேதான் சொன்னாள். கோப்பையில் பூ விழுந்தால் சிரித்துக்கொண்டு பூவோடு குடித்தார்கள். நல்ல மனுஷர்கள்தான், சந்தோஷமாக இருந்தார்கள். அந்தச் சந்தோஷம்தான் அவளை நடுங்க வைத்தது. இங்கே யாரும் அவரைத் தடுக்கப்போவதில்லை, வா என்று இடம்விட்டு உட்கார வைப்பார்கள்.

ஒரு விரிப்பில் சாம்பல் நிற ஜாக்கெட் முதுகு தெரிந்தது. கோப்பையைத் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தது. "ஏங்க" என்றாள், திரும்பவில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுவிட்டாள். திரும்பிய முகம் யாரோ ஒரு ஜப்பான் கிழவர். அவளைப் பார்த்துச் சிரித்து, அவளுக்கும் ஒரு கோப்பை நீட்டினார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பவும் சிவப்பு வாசலுக்கு வந்தபோது ஷ்ருதி தனியாக நின்றிருந்தாள். "கடைக்குள்ள இல்லம்மா." அதைக் கேட்டு நிம்மதிப்பட வேண்டும், அவளுக்கோ பயம் இரண்டு மடங்காயிற்று. கடையில் இல்லை என்றால் வாங்கிக்கொண்டு போய்விட்டாரா?

ஷ்ருதிதான் முதலில் பார்த்தாள். கோயில் மதிலை ஒட்டி, தோட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய் ஒன்று இருந்தது. அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்ரீகாந்த் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்துத் துப்பினார், மறுபடி பிடித்தார், மறுபடி துப்பினார். சட்டை முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. அந்தக் குளிரில் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீ இங்கேயே இரு கண்ணு" என்று பிள்ளையை நிறுத்திவிட்டு ஜெயலட்சுமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. எனக்கு நிஜமாவே தெரியாது. தீர்த்தம்னுதான் நினைச்சேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் ஸ்ரீகாந்த். "வரிசையில நிக்கும்போதே வாசனை வந்துடுச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க? சொல்லியிருக்கலாமில்ல, இது சாராயம்டின்னு ஒரு வார்த்தை?"

அவர் குழாயை மூடினார். "சொல்லியிருக்கலாம். ஆனா நீயே குடுத்தே. நாளைக்கு யாராவது கேட்டா ஜெயாதான் குடுத்தான்னு சொல்லிக்கலாமேன்னு இருந்துச்சு. அந்த நேரத்துல எவ்வளவு சந்தோஷம் வந்துச்சு தெரியுமா எனக்கு?"

தண்ணீர் காலடியில் ஓடியது.

"பாத்ரூமுக்குப் போகல. எதிர்க்கடைக்குத்தான் போனேன். வாசல்ல போய் நின்னா கதவு தானாத் திறக்குது ஜெயா. மணி அடிக்குது, உள்ளேருந்து வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க. நான் பின்னால தள்ளி வந்தேன். மூடிடுச்சு. திரும்பவும் போய் நின்னேன். திரும்பவும் திறந்துச்சு."

"உள்ள போனீங்களா?" என்று கேட்டாள்.

"போகல. ஓடி வந்துட்டேன்." அவர் பல் கிட்டிக்கொண்டது. "எத்தனை தடவை கொப்பளிச்சாலும் ருசி போகமாட்டேங்குது. நல்லா இருந்துச்சு ஜெயா. மறந்துட்டேன்னு நினைச்சேன், எதுவும் மறக்கல."

ஜெயலட்சுமி தன் சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள். ரெண்டு வருஷமாகத் தான் ஒருத்திதான் பயந்து சாகிறோம் என்று நினைத்திருந்தாள். இந்த மனுஷன் தன்னைவிடப் பயந்துபோய் இருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை. காவலுக்கு நின்றவளும் தெரியாமல் கதவைத் திறந்துவிடலாம், திருடனே வந்து பிடித்துக்கொள் என்று கெஞ்சலாம் என்றால், யாரைத்தான் நம்புவது?

ஷ்ருதி தள்ளி நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலையெல்லாம் செர்ரிப் பூ.

"ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றார் ஸ்ரீகாந்த். பர்ஸை எடுத்து அவள் மடியில் வைத்தார், கார்டு வைத்திருந்த உறையையும் வைத்தார். "துபாய்ல இறங்கினதும் டியூட்டி ஃப்ரீயைத் தாண்டித்தான் பெட்டி எடுக்கணும். அங்க கதவுகூடக் கிடையாது, நடக்கற வழியிலேயே பாட்டிலை அடுக்கி வச்சிருப்பான். அந்த இடத்துல மட்டும் என் கையைப் பிடிச்சுக்கோ. நான் உதறினாலும் விட்டுடாதே."

ஊர் திரும்ப இன்னும் நாலு நாள் இருந்தது. ஜெயலட்சுமி அங்கேயே, அப்போதே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.