ஏழாம் நம்பர் வேட்டி

ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் அதை வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே நிறுத்திவிட்டு, எங்கே வைப்பது என்று உண்ணாமலையின் முகத்தைப் பார்த்தார்கள். எங்கே வைப்பது? கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சுவரோரமாய் ஒரு மரக்குதிரை நின்றது. பக்கத்தில் பித்தளை அண்டா, நாலடி உயரத்துக்குச் சட்டம் போட்ட மலையின் போட்டோ, டப்பா பிரிக்காத மிக்சி, யாரோ ஒரு பல் டாக்டர் கொடுத்த இலவச சிகிச்சைச் சீட்டு என்று கண்டதும் கிடந்தது. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் நம்பர் எழுதி ஒட்டியிருந்தது. மாடி அறையில் தம்பி உயிரில்லாமல் கிடக்கிறான், கீழே அக்காக்காரி மரக்குதிரையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இப்படி ஒரு காலை யாருக்காவது விடியுமா?

எல்லாம் தம்பி மணி செய்து வைத்த வேலை. நாற்பத்தாறு வயது. மைக் செட்டும் மேடை விளக்கும் வாடகைக்கு விடுகிற தொழில். கல்யாணப் பேச்சை எடுத்தால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான். அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டு, கையில் வந்ததையெல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தே கரைத்தான். பதினோரு பிள்ளைகள். அடுத்த வாரம் போபாலில் ஏதோ இளைஞர் நாடக விழாவாம், அதற்குப் போகப் பணமில்லை. ஆளாளுக்கு ஒரு பொருள் கொடுங்கள், ஏலம் விட்டுப் பிள்ளைகளை அனுப்பிவைக்கிறேன் என்று இரண்டு மாதமாய்த் தெருத்தெருவாக அலைந்து இந்தச் சாமான்களைச் சேர்த்திருந்தான். இன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்கு வேங்கிக்கால் மண்டபத்தில் ஏலம். பௌர்ணமியன்றுதான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றதும் அவன்தான். கிரிவலத்துக்கு லட்சம் பேர் வருவார்கள், அதில் நூறு பேர் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தால் போதும் என்பது அவன் கணக்கு.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு கனமாக இருக்கிறதென்றான். கண்ட நேரத்தில் பஜ்ஜி தின்றால் வாயு பிடிக்காமல் என்ன செய்யும் என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அதோடு விடாமல், இந்தக் குப்பையைக் கூடத்திலிருந்து எப்போது எடுக்கப்போகிறாய் என்றும் நன்றாகத் திட்டினாள். காலையில் காபியோடு போனபோது ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அந்தச் சீரகத் தண்ணீரை நினைக்காமலிருக்க, எதிரில் வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

எரிந்து விழ ஆளுக்கா பஞ்சம்? பௌர்ணமி என்பதால் ஊரைச் சுற்றிப் போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தடுப்பில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அவளுக்கே போன் செய்தார்கள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் கணவன் ராஜமாணிக்கம் தனக்குத் தெரிந்த அதிகாரிகளின் பெயரையெல்லாம் போனில் சொல்லிப் பார்த்தார். ஒரு வண்டிகூட உள்ளே வரவில்லை. பூக்காரன் மாலைக்கு மூன்று மடங்கு விலை கேட்டான். சாவு வீட்டுக்குக்கூடக் குறைக்கமாட்டாயா என்றதற்கு, அண்ணாமலையாருக்கே அதே விலைதான் என்றான்.

பதினொரு மணிக்கு நாடகப் பிள்ளைகள் வந்தார்கள். அழுது வீங்கிய முகங்கள். மூத்தவள் அம்ருதா, கோயில் குருக்கள் வீட்டுப் பெண், காலேஜ் இரண்டாம் வருஷம். சாவு வீட்டுக்குள் வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டில் சேர்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்துவிட்டாள். வந்தவர்களை உண்ணாமலை உட்காரச் சொல்லவில்லை. இந்தச் சாமான்களையெல்லாம் உள் அறைக்குத் தூக்குங்கள், எங்கே இடமிருக்கிறதோ அங்கே போடுங்கள் என்று வேலை வைத்தாள். அரைமணி நேரத்தில் கூடம் காலியாகி, ஐஸ் பெட்டிக்கு இடம் கிடைத்தது. மணியை இறக்கி அதில் படுக்கவைத்தார்கள். அதன் பிறகுதான் அம்ருதா அவளிடம் வந்தாள்.

"அக்கா, ஏலத்த நிறுத்திடலாம்னு இருக்கோம். ஆனா சென்னையிலருந்து ரெண்டு வேன்ல ஆளுங்க கிளம்பிட்டாங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"என்ன ஏன் கேக்குற? அதோ படுத்திருக்கான் பாரு, அவனக் கேளு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணோ ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, நிஜமாகவே கேட்கப்போகிறவளைப் போல நின்றாள். உண்ணாமலைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போய், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாமல் சும்மா நின்றாள்.

இரண்டு மணிக்கு மணியைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். வாசலில் மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். தாய்மாமன் மட்டும் வந்து சேரவில்லை. அவர் வந்து கோடி போடாமல், அதாவது புதுத்துணி போர்த்தாமல், உடம்பை எடுக்க முடியாது. இந்தக் குடும்பத்தில் மற்றவர்கள் போட்ட துணியெல்லாம் சுடுகாட்டில் எடுத்துவிடுவார்கள், தாய்மாமன் கோடி மட்டும் உடம்போடு நெருப்பில் போகும். கண்ணாயிரம் மாமாவுக்கு அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை மேல் கடை. வருஷத்தில் பன்னிரண்டு பௌர்ணமி வியாபாரம்தான் அவருக்குச் சோறு. அந்தக் கடையை நட்டநடுவில் சாத்திவிட்டு, எதிரே வரும் கூட்டத்தை இடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நடந்தே ஒருவழியாய் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை வெறுங்கை.

"கடைத்தெருப் பக்கமே வுடலம்மா. கோடி வாங்க முடியல" என்று அவள் காதோரம் சொன்னார். எழுபது வயது மனிதர் சின்னப் பிள்ளைபோலத் தலை குனிந்து நின்றார்.

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அதையும் யாராவது சொல்லிக் காட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, உள் அறைக் கட்டில் மேல் வீட்டுக்காரர் ஒரு புது வேட்டி வாங்கி வைத்திருக்கிறார், அதை எடுத்துப் போட்டுவிடு மாமா என்று சொல்லி அனுப்பினாள். மாமா உள்ளே போனார். கட்டில் மேல் காதிக்கடைப் பருத்தி வேட்டி இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, காலையில் பிள்ளைகள் இடம் கிடைத்த இடத்தில் போட்டதில், ஓர் ஆரணிப் பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் கண்ணாடிக் கவரில் இருந்தன. தாய்மாமன் போடுவது பட்டாகத்தான் இருக்கும் என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? நம்பர் சீட்டைக் கடைச் சீட்டு என்று கிழித்துப் போட்டுவிட்டு, பட்டை விரித்துத் தலை முதல் கால்வரை போர்த்தி, மூன்று முறை சுற்றி வந்து காலில் விழுந்தார். மேளம் முழங்கியது.

அம்ருதா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அது ஏழாம் நம்பர்."

ஏலத்திலேயே பெரிய பொருள் அது ஒன்றுதான். நாடகப் பிள்ளைகளில் ஒருவனின் அப்பா தறியில் உட்கார்ந்து நெய்து கொடுத்தது. அதை எடுத்தே தீருவேன் என்று சென்னைக்காரர் ஒருவர் போனில் சொல்லி வைத்திருந்தார். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் டிக்கெட் வரும். அதற்காக? போட்ட கோடியைப் பிணத்தின் மேலிருந்து உருவ முடியுமா? உண்ணாமலை தலையில் அடித்துக்கொண்டாள். உள் அறையில் போடச் சொன்னதும் அவள், கட்டிலிலிருந்து எடுக்கச் சொன்னதும் அவள். யாரைத் திட்டுவது?

விஷயம் மாமா காதுக்கும் போய்விட்டது. அவர் முகம் செத்துப்போயிற்று. வேட்டி மடிப்பிலிருந்து பர்சை எடுத்து, என்ன விலை என்று அம்ருதாவிடம் கேட்டார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள், போன வருஷ ஏலத்தில் ஆளாளுக்குக் கொல்லைப்புறமாய் வந்து வாங்கிப் போய்விட்டதால், எதையும் தனியாக விற்பதில்லை, சபையில் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மணியண்ணன் நோட்டீசிலேயே போட்டுவிட்டாராம்.

"அப்ப நான் போட்டது எவனோ குடுத்த துணி" என்றார் மாமா. "தாய்மாமன் கோடி இல்லாம போறானா என் அக்கா புள்ள?" அவர் பர்சை மடியில் செருகினார். "ஏலம் நடக்கட்டும். எரிச்சுட்டுக் குளிச்சுட்டு வரேன். முறையா நின்னு கேட்டு எடுக்குறேன்."

உண்ணாமலை கத்தினாள். சாம்பல் ஆறவில்லை, அதற்குள் மண்டபத்தில் லைட் போட்டு ஏலமா, ஊர் என்ன பேசும், ஒருத்தருக்காவது மூளை இருக்கிறதா என்று கேட்டாள். தாய்மாமன் பங்காளி இல்லையே, குளித்தால் தீட்டுப் போய்விடும் என்றார் ஒரு பெரியவர். அவள் தீட்டைப் பற்றியா கேட்டாள்? சாவு வீட்டில் கிடந்த சாமானை யார் தொடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. சென்னைக்காரர்களும் ஆசிரமத்து வெள்ளைக்காரர்களும் அதெல்லாம் பார்க்கமாட்டார்கள் என்றார் ராஜமாணிக்கம், அவர்களைப் பல வருஷமாய்த் தெரிந்தவர்போல. பிள்ளைகள் பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், போபாலும் வேண்டாம்தான். அது அந்த முகங்களில் தெரிந்தது.

"என்னமோ பண்ணித் தொலைங்க" என்றாள்.

உடம்பைத் தூக்கினார்கள். தெரு முனை வரைதான் பெண்களுக்கு. அங்கே நின்று அழுதாள். பட்டுச் சரிகை மட்டும் ஆட்கள் தலைக்கு மேல் வெயிலில் மின்னிக்கொண்டு போயிற்று. திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிள்ளைகள் ஆட்டோ வைத்துச் சாமான்களை எடுத்துப் போனார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்கள் வந்து விளக்கைப் பார்த்தார்கள். மாமா ஈர வேட்டியோடு ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் மண்டபத்துக்குக் கிளம்பினார்.

ஏழரை மணிக்கு அம்ருதா போன் செய்தாள். அடுத்தது ஏழாம் நம்பர், மணியண்ணன் வீட்டுக்கும் காதில் விழட்டும் என்று நினைத்தாளாம். போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள் போலிருக்கிறது, எல்லாம் துல்லியமாய்க் கேட்டது. வேட்டி இங்கே இல்லை, எங்கள் மணியண்ணன் மேல் போட்டு அனுப்பிவிட்டோம், இருந்தாலும் ஏலம் விடுகிறோம் என்று சொன்னாள். சென்னைக்காரர் எழுந்து, தான் ஏலம் கேட்கப்போவதில்லை என்று சொன்னார்.

"அஞ்சாயிரம்" என்றார் மாமா.

"அஞ்சாயிரம் ஒரு தரம்" என்றாள் அம்ருதா. "அஞ்சாயிரம் ரெண்டு தரம்."

"ஆறு" என்றாள் உண்ணாமலை.

ராஜமாணிக்கம் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். அவளுக்கே அவள் வாயிலிருந்து வந்தது என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பக்கம் சலசலப்பு. மாமா ஏழு என்றார். ஒரு தரம் வந்தது, ரெண்டு தரம் வந்தது, உடனே அவள் எட்டு என்றாள். ஒன்பது. பத்து. எங்கிருந்து எடுத்துக் கொடுப்பாய் என்று கணவன் கையைக் காட்டிக் கேட்டார். அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பதின்மூன்றுக்கு அவள் பதினாலு சொன்னபோது மாமா மேடைக்கே வந்து போனை வாங்கியிருக்க வேண்டும், மூச்சு பக்கத்தில் கேட்டது.

"இன்னாம்மா பண்ற நீ? எனக்குத்தான முறை?"

"நீ கேளு மாமா. நான் வேணாம்னா சொன்னேன்?"

"அந்தப் பொண்ணு ஒவ்வொரு வாட்டியும் ரெண்டு தரம் சொன்னதும் நீ ஏத்தி வுடுற."

மாமா மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாப்பா. நான் பக்கத்துல நின்னு பாத்துட்டுதான் வந்தேன். பட்டு எரிஞ்சுடுச்சு. அவனும் எரிஞ்சுட்டான். வுடும்மா."

பதினைந்தாயிரம் என்று அவர் சொன்னது கேட்டது. போன் மறுபடியும் மைக்குக்குப் பக்கத்தில் போயிற்று.

"பதினஞ்சாயிரம் ஒரு தரம்."

உண்ணாமலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"பதினஞ்சாயிரம் ரெண்டு தரம்."

மூணாவது தரம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அந்தப் பெண்ணும் சொல்லாமல் காத்திருந்தாள். மண்டபத்தில் யாரோ இருமினார்கள். மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்டது. உண்ணாமலைக்குக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் அவளேதான் வாய் திறக்க வேண்டுமா?

"அம்ருதா" என்றாள். "காலைலருந்து நிக்கிறடி நீ. சொல்லிட்டு உக்காரு."

சொன்னாள். இரண்டு மூன்று பேர் கைதட்ட ஆரம்பித்து, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுத்து வேறொரு பிள்ளையின் குரல் எட்டாம் நம்பர் பித்தளை அண்டா என்றது. யாரோ நானூறு என்றார்கள். கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. உண்ணாமலை அதிலேயே உட்கார்ந்து, போனை வைக்காமல், அண்டா போவதையும் அதற்கடுத்து மிக்சி போவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.