பச்சைச் சட்டைக்குச் சாப்பாடு இல்லை

…சொல்லியாயிற்று, எப்போதும் சொல்வதுதானே, மேட்ச் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்து மாநில அணியின் பச்சைச் சட்டையோடு எவன் உள்ளே வந்தாலும் "உனக்கு இங்க சாப்பாடு கிடையாது, கிளம்பு" என்று சாப்பாட்டுக் கடைக்காரி வெர்னா கத்துவதும், கடையே ஊளையிடுவதும், அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வந்தவன் கோப்பையில் காபி விழுவதும் டுலூத் நகரில் ஊரறிந்த கூத்து, பின் இன்று பச்சையில் வந்த இந்தப் பையன் ஏன் சிரிக்கவில்லை? முகம் சுண்டி, கதவில் கை வைத்தபடி எதைப் படிக்கிறான்… ஐயோ, அப்பா மாட்டிய பலகை. 'யாருக்கும் பரிமாற மறுக்க எங்களுக்கு உரிமை உண்டு.' குடித்துவிட்டு ரகளை செய்பவனுக்காக என்பார் அப்பா, ஆனால் இரண்டு குழந்தைகளோடு வந்து அவர் திருப்பி அனுப்பிய அந்த ஓஜிப்வே பழங்குடிப் பெண் குடித்திருந்தாளா என்ன… போன வருடம் நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னாள், செருப்பில்லாதவனை அனுப்பலாம், சண்டைக்காரனை அனுப்பலாம், சட்டை பிடிக்கவில்லை என்றால்கூட அனுப்பலாம், நிறத்துக்காக, மதத்துக்காக, பிறந்த நாட்டுக்காக மட்டும் கூடாது என்று. நமக்கெதற்கு அதெல்லாம் என்று கொட்டாவி விட்டாளே வெர்னா, இப்போது பார், சோமாலியப் பையன், சட்டைக்காகத்தான் என்று அவனுக்கு எப்படித் தெரியும், சொன்னால்தான் நம்புவானா, கிழவி சமாளிக்கிறாள் என்று போய்விட்டால் ஆயுசுக்கும் இது அவனுக்கு நிறம் பார்க்கும் கடைதானே… கால் வலியை மறந்து ஓடினாள்.

"தம்பி, உன் சட்டையத்தான் சொன்னேன்."

அவன் குனிந்து பார்த்தான். "இதுவா? குளிருதுன்னு அண்ணனோடத மாட்டிட்டு வந்தேன். என்ன டீம்னே தெரியாதே."

முதல் மேஜையில் ஆர்வில் எழுந்து கோட்டை விலக்கிக் காட்டினான், உள்ளே அதே பச்சை. "இருபது வருஷமா என்னையும் விரட்டுறா. நான் போயிட்டனா?"

கடை அதிர்ந்தது, பையனும் சிரித்துவிட்டான், வெர்னாவுக்கு உயிர் வந்தது. லிபான் என்று பெயராம், நாலு பான்கேக் உள்ளே போயிற்று, போகும்போது திரும்பி வேறு நின்றான்.

"அடுத்த ஞாயிறும் இதையே போட்டுட்டு வருவேன். எனக்கும் முதல்ல இல்லன்னு சொல்லணும், ஆமா."

சொல்கிறேன் என்று சிரித்தாள், மேஜையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்… காபி வராமல் போகுமோ என்று ஆர்வில் ஒருநாளும் நினைத்ததில்லை, அதனால்தான் இருபது வருடமும் சிரித்தான், இவன் ஒரு கணம் நினைத்தானே, அதைப் பார்த்தபின் அந்த வார்த்தையைச் சொல்ல நாக்கு எழுமா? பலகையைக் கழற்றிவிடலாம், இன்றைக்கே, அது பெரிய வேலையா… ஆனால் எல்லோரையும் விரட்டிவிட்டு அவனை மட்டும் மரியாதையாக உட்காரச் சொன்னால், அதுவும் அவனுக்கென்று ஒரு தனிச் சட்டம் ஆகிவிடாதா…